கைடு விடச் சொன்ன 26 மீன்கள்

கேள்வி: ஐயா, நான் தூத்துக்குடிப் பக்கம். மீன்வளத்தில் பிஎச்.டி. மூன்றாம் வருடம். கத்தாளை மீனின் காதுக்கல்லை அறுத்து வயது பார்ப்பதுதான் என் வேலை. கூடவே கொஞ்சம் டிஎன்ஏ. எங்களுடையது சி.எஸ்.ஐ. குடும்பம். ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். லேபில் ஒரு சீனியர் அண்ணன் ‘இன்னும் ஆதாம் ஏவாள்தானா?’ என்று சிரிப்பார். வாலிபர் கூட்டத்துக்கு வந்த பிரசங்கியாரோ, பரிணாமம் படிப்பவர்கள் விசுவாசத்தை விட்டவர்கள் என்றார்; எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு இடத்திலும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். ‘இந்த மீன் படிப்பால் ஊழியத்துக்கு என்ன பிரயோஜனம்?’ என்று சித்தப்பா வேறு கேட்கிறார். ஞாயிறும் லேபுக்கு வரச் சொல்கிறார்கள். இப்போது இன்னொன்று. மே மாதம் வாங்கிய 26 மீன்கள் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை; வயதுக்கு மீறிய நீளம். நல்ல ரிசல்ட் வேண்டும் என்று ஜெபித்துத்தான் வேலையை ஆரம்பித்தேன். கைடு, ‘அந்த 26ஐ விட்டுவிடும்மா, கிராஃப் அழகாக வந்துவிடும்’ என்கிறார். இது கர்த்தர் காட்டும் வழியா, சோதனையா? தீசிஸில் கர்த்தருக்கு நன்றி எழுதலாமா? விசுவாசத்தை வைத்துக்கொண்டு எப்படி ஆராய்ச்சி செய்வது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய முழுக் கடிதத்தில் பரிணாமத்துக்கு இரண்டு பக்கம், 26 மீனுக்கு நாலே வரி. நான் அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்கிறேன். பரிணாமச் சண்டை உங்களுக்கு முன்பும் இருந்தது, உங்கள் வைவா முடிந்த பிறகும் இருக்கும். அந்த 26 மீன் உங்களுடையது. விசுவாசத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், என் கணக்கில் முதல் சம்பந்தம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் மீனைப் பார்ப்போம், வேதத்தை அப்புறம் பார்க்கலாம். மே மாதம் வாங்கினேன் என்கிறீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்படியானால் அந்த மீன் நாட்டுப்படகில் வந்திருக்க வேண்டும், அநேகமாகச் செவுள் வலையில். மற்ற மாதங்களில் நீங்கள் வாங்கியது இழுவை வலை மீனாக இருந்தால், இரண்டையும் ஒரே கிராஃபில் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். இழுவை வலையின் கண்ணி சிறியது. சின்னது பெரியது எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். செவுள் வலை அப்படியில்லை. கண்ணியில் செவுள் மாட்டும் பருமன் இருந்தால்தான் மீன் சிக்கும். ஒரே வயது மீன்களில் வேகமாக வளர்ந்தது மாட்டும், மெதுவாக வளர்ந்தது தப்பிவிடும். ‘வயதுக்கு மீறிய நீளம்’ அப்படியும் வரலாம்.

அதற்கு முன் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். கத்தாளையில் ஒன்று போலவே இருக்கும் இனங்கள் பல. ஏலத்தில் எல்லாமே கத்தாளைதான். காதுக்கல்லின் வடிவமும் காற்றுப்பையின் வடிவமும்தான் இனத்தைப் பிரித்துக் காட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த 26க்கும் டிஎன்ஏ பார்கோடு (இனத்தை அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டு) போட்டுப் பார்த்தீர்களா? வேறு இனம் என்று வந்தால் தாராளமாக நீக்கலாம், காரணத்தை எழுதிவிட்டு. அதே இனம் என்று வந்தால் நீக்க உங்களுக்கு உரிமை இல்லை. ‘கிராஃப் அழகாக வரும்’ என்பது நீக்குவதற்குக் காரணமே ஆகாது.

அடுத்து உங்கள் கண். காதுக்கல்லில் வருடத்துக்கு ஒன்றாக விழும் வளையத்தை எண்ணித்தான் வயது சொல்கிறீர்கள். நம் வெப்பக் கடல் மீன்களில் அந்த வளையம் குளிர்நாட்டு மீன்களில் போலப் பளிச்சென்று விழுவதில்லை. எபாக்ஸிப் பிசினில் பதித்து, அறுத்து, தேய்த்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் மூன்று என்றும் சொல்லலாம், நான்கு என்றும் சொல்லலாம் என்கிற நிலை. மீனின் நீளம் தெரிந்த பிறகு எண்ணினால் கண் அந்த நீளத்துக்கு ஏற்ற எண்ணைத்தான் பார்க்கும். அதனால் லேபிளை மறைத்து, வரிசையைக் கலைத்து, மே மாத மீன் எது என்று தெரியாத ஒருவரை எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கேலி பேசும் சீனியர் அண்ணனையே கேட்கலாம். உங்களுக்குச் சாதகமாக எண்ணமாட்டார் என்பது உறுதி, வேண்டியதும் அதுதான்.

இனி வானியலாளர் கெப்ளர். சபைப் பத்திரிகைகளில் ‘கடவுளை நம்பிய விஞ்ஞானிகள்’ என்று ஒரு பட்டியல் போட்டு, பெயரோடு நிறுத்திவிடுவார்கள். பெயரால் பயனில்லை, அவர் என்ன செய்தார் என்பதில்தான் உங்களுக்கு விஷயம் இருக்கிறது. ஜெர்மானிய லுத்தரன் குடும்பம். குருவானவராக வேண்டும் என்று டூபிங்கனில் இறையியல் படித்தவர், வழியில் கணித ஆசிரியர் வேலைக்கு அனுப்பப்பட்டார். 1600இல் பிராகில் வானியலாளர் டைக்கோ பிராஹேயிடம் சேர்ந்தார். மறுவருடமே டைக்கோ இறந்துபோக, தொலைநோக்கி இல்லாத காலத்தில் அவர் எடுத்து வைத்திருந்த செவ்வாய்க் கிரக அளவுகள் கெப்ளர் கைக்கு வந்தன. கெப்ளர் வட்டப் பாதை ஒன்றை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, கிட்டத்தட்டப் பொருத்தியும் விட்டார். சில இடங்களில் மட்டும் 8 கலை வித்தியாசம். ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு கலை. 8 கலை என்றால் முழுநிலவின் அகலத்தில் கால்வாசி. அதற்கு முந்தைய காலத்து வானியலாளர்கள் அந்த அளவு பிழையைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். ‘விட்டுவிடப்பா’ என்று சொல்ல கெப்ளர் பக்கத்தில் ஒரு கைடு இருந்திருந்தால் விட்டிருக்கலாம்.

அவர் விடவில்லை. ஏன் விடவில்லை என்பதற்கு அவர் எழுதிய காரணத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். டைக்கோவைப் போல இவ்வளவு கவனமான ஒரு பார்வையாளரைத் தெய்வ தயவு நமக்குத் தந்திருக்கிறது. அந்த வரத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டு உண்மையான பாதையைத் தேடுவதுதான் முறை என்கிறார். தன் கணக்குக்கு ஒத்துவராத எண்ணைக் கடவுள் கொடுத்ததாக எடுத்துக்கொண்ட மனிதர் அவர். அந்த 8 கலைதான் வானியலையே மாற்ற வழி திறந்தது என்றும் எழுதினார். 1609இல் வெளிவந்த புத்தகத்தில் வட்டம் போய் நீள்வட்டம் வந்தது.

இதே கெப்ளர் 1596இல், கோள்களின் இடைவெளியை ஐந்து ஒழுங்குத் திண்மங்களை (கனசதுரம் போன்றவை) ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக் கடவுள் அமைத்தார் என்று எழுதினார். அழகான எண்ணம், தவறு. 1621இல் மறுபதிப்பு போட்டபோதும் அதை விட அவருக்கு மனசு வரவில்லை. பக்தி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கடவுள் இப்படித்தான் படைத்திருப்பார் என்று அவர் முன்கூட்டியே தீர்மானித்த இடத்தில் அது காலை வாரியது. டைக்கோவின் அளவுக்குப் பணிந்து போன இடத்தில் கைகொடுத்தது. கிறிஸ்தவ ஆராய்ச்சி என்று தனியாக ஒன்று இருக்கிறதா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் காட்டுவேன்.

அதனால் உங்கள் ‘வழியா, சோதனையா’ கேள்விக்குப் பதில்: கைடு சொன்னதைக் கர்த்தர் காட்டும் வழி என்று நினைத்து அந்த மீன்களை நீக்காதீர்கள். ‘நல்ல ரிசல்ட்’ வேண்டும் என்று ஜெபித்ததாகச் சொல்கிறீர்கள். நல்ல ரிசல்ட் என்றால் என்ன என்று நினைத்து ஜெபித்தீர்கள்? நினைத்தது வருவது என்றால், அந்த ஜெபமே கொஞ்சம் ஆபத்தானது. உள்ளதை உள்ளபடி பார்க்கக் கண் கொடும் என்று கேளுங்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரில் பேண்டு (எதிர்பார்த்த கோடு) வந்தால் கர்த்தர் என்றும், வராவிட்டால் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) சரியில்லை என்றும் பேசும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டுக்கும் பிரைமர்தான் காரணம். இரண்டிலும் கர்த்தர் கூட இருக்கிறார் என்று நம்புகிறவன் நான், ஆனால் அதை முறையியல் பகுதியில் எழுதமாட்டேன்.

சரி, கைடிடம் எப்படிப் பேசுவது? ‘சார், என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் யோக்கியம், அவர் அயோக்கியர் என்று அதற்கு அர்த்தம் வந்துவிடும். விடச் சொன்னவர் எல்லாம் திருடரும் இல்லை. நாலு ஸ்காலர், கிளாஸ், நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை என்று ஓடுகிறவர் கிராஃபை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னதாகவும் இருக்கலாம். ‘சார், அந்த 26ம் தடைக்காலத்து மீன். வேறு வலை. வலை வாரியாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தேன், இதைப் பாருங்கள்’ என்று இரண்டு கிராஃபையும் முன்னால் வையுங்கள், சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. நல்ல கைடு என்றால் அந்த இடத்திலேயே, ‘அட, இது தனிப் பேப்பராச்சே’ என்பார்.

அப்படிச் சொல்லாமல், ‘சொன்னதைச் செய்’ என்றும் சொல்லலாம். தீசிஸில் அவர் கையெழுத்து வேண்டும் என்பதை நான் மறக்கவில்லை. அப்போதும் லேப் நோட்டில் 26ம் இருக்கட்டும், கிழிக்கவோ அடிக்கவோ வேண்டாம். பேசியதைச் சுருக்கி, மரியாதையாக ஒரு மெயில் போடுங்கள்: ‘நீங்கள் சொன்னபடி நீக்கிப் பார்த்தேன், நீக்கிய விவரத்தையும் காரணத்தையும் முறையியலில் ஒரு வரி சேர்க்கட்டுமா?’ அந்த ஒரு வரிக்கு அவர் ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது. படிப்பவருக்குத் தெரிந்து நீக்குவது வேறு, மறைத்து நீக்குவது வேறு. அதற்கும் முடியாது என்றால் டாக்டரல் கமிட்டிக் கூட்டத்தில் புகாராகச் சொல்லாமல் சந்தேகமாகக் கேளுங்கள்: ‘வலை வித்தியாசத்தை எப்படிச் சரிசெய்வது?’ மீன் தெரிந்தவர் ஒருவராவது அங்கே இருப்பார். கோர்ஸ் ஒர்க்கில் ஆராய்ச்சி நெறி பற்றி இரண்டு கிரெடிட் பாடம் படித்திருப்பீர்கள். யுஜிசி அதைக் கட்டாயமாக்கியது அட்டெண்டன்ஸ் போட மட்டும் இல்லை. ஒத்துவராத தரவைச் சொல்லாமல் தூக்கிப்போடுவதற்கு அந்தப் பாடத்தில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

இனி பரிணாமம். நான் பரிணாமத்தை ஏற்கிறவன், ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறவன். உங்கள் டிஎன்ஏ மரத்தில் இரண்டு கிளை பல லட்சம் வருடங்களுக்கு முன் பிரிந்தது என்று வருகிறது. எந்தத் திடீர்மாற்ற வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் நாளை மாறலாம். பூமி மிகப் பழையது, உயிர்கள் உறவுமுறை உடையவை என்பது அதனால் மாறப்போவதில்லை. அந்தப் பிரசங்கியாரிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியாது, முயலவும் வேண்டாம். ஆனால் உங்களைத் திரும்பிப் பார்த்தவர்களில் யாராவது தனியாக வந்து கேட்டால் ஃபிஷரைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் தினம் ஓட்டும் அனோவா என்ற புள்ளியியல் சோதனை ரொனால்ட் ஃபிஷருடையது. டார்வினையும் மெண்டலையும் இணைத்து நவீனப் பரிணாமக் கோட்பாட்டுக்குக் கணக்கு அஸ்திவாரம் போட்ட ஒருசிலரில் அவர் ஒருவர். கடைசி வரை ஆங்கிலிகன் சபைக்காரர். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் பல எந்தச் சபையிலிருந்து வந்தனவோ அதே சபை. (அவருடைய இனமேம்பாட்டுக் கருத்துகள் மோசமானவை, அவரைப் புனிதராக்க வேண்டாம்.) மெண்டலோ பிர்னோ மடத்து அகஸ்தீனியத் துறவி. சீனியர் அண்ணனுக்கும் இதே பதில் போதும், சிரித்துக்கொண்டே சொல்லுங்கள்.

சபைக்குள் இது புதிய கவலையும் இல்லை. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போதே எச்சரித்தார்: வானத்தையும் நட்சத்திரத்தையும் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரு புறமதத்தான் முன்னால், ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பெயரைச் சொல்லி உளறினால், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்று கேட்டார். உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) பேச வாய்ப்புக் கிடைத்தால் டார்வினை விட்டுவிட்டு இதில் ஆரம்பியுங்கள். ஓய்வுநாள் பள்ளியில் டிஎன்ஏ பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளை ‘டைனோசர் எந்த நாளில் படைக்கப்பட்டது டீச்சர்?’ என்று கேட்டால் பொய் மட்டும் சொல்லாதீர்கள். ‘ரொம்ப ரொம்பப் பழைய காலத்தில், ஆதியாகமம் அதன் வருடக் கணக்கைச் சொல்ல எழுதப்படவில்லை’ என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும்.

இதற்கு நேரெதிரான ஒரு தவறும் உண்டு, படித்த கிறிஸ்தவர்கள்தான் அதைச் செய்வார்கள்: அறிவியலை வைத்துக் கடவுளை நிரூபிப்பது. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலும், அது ஒரு ஆதி அணுவிலிருந்து தொடங்கியது என்று 1931இலும் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் கத்தோலிக்கக் குருவானவர். 1951இல் போப் 12ஆம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது சங்கடப்பட்டவர் லெமைத்ர்தான். கோட்பாடு கோட்பாடாக இருக்கட்டும், அதன் மேல் விசுவாசத்தைக் கட்ட வேண்டாம் என்பது அவர் எண்ணம். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் இன்னும் நறுக்கென்று சொன்னார். வேதத்தை அறிவியலுக்கு எதிராகக் காக்க லண்டனில் ஒரு சங்கம் இருந்தது. அதில் சேர அழைத்தபோது மறுத்துவிட்டு, அறிவியலையும் விசுவாசத்தையும் ஒருவன் எப்படி ஒத்திசைத்துக்கொள்கிறான் என்பது அவனுக்கு மட்டும், அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டுமே பொருந்தும் என்ற அர்த்தத்தில் எழுதினார். பக்தி குறைந்தவர் அல்ல. கேம்பிரிட்ஜில் அவர் நடத்திய கேவண்டிஷ் ஆய்வகத்தின் வாசற்கதவில், கர்த்தருடைய கிரியைகள் ஆராயத் தக்கவை என்று சொல்லும் 111ஆம் சங்கீத வசனம் லத்தீனில் செதுக்கியிருக்கிறது. வாசலில்தான் இருக்கிறது, ஆய்வுக் கட்டுரையில் இல்லை.

அதனால் உங்கள் இரண்டு பக்கக் குழப்பம் மூன்றாம் வருடத்திலேயே தீர்ந்தாக வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் உங்களை வாட்டுகிறது என்று நினைக்கிறேன். மனம்விட்டுப் பேச, இரண்டு உலகமும் தெரிந்த ஒரே ஒரு ஆள் போதும். வேறு துறையில் ஒரு கிறிஸ்தவ ஆசிரியர், மருத்துவம் முடித்த ஒரு அக்கா, யாராக இருந்தாலும் சரி.

சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். மற்றதைவிட இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஆசை அதிகம், ஏனென்றால் பதில் உங்கள் மீனின் பெயரிலேயே இருக்கிறது. கத்தாளைகளில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர். உங்கள் தீசிஸின் முதல் பக்கத்திலேயே அது இருக்கலாம். யார் அந்த ஜான்? கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான். 1771இல் தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி. 1813இல் அங்கேயே இறந்தார். பிரசங்கம் செய்தார், பள்ளிக்கூடங்கள் நடத்தினார், அப்புறம் கடற்கரையில் மீனும் சிப்பியும் சேகரித்துப் பதப்படுத்தி பெர்லினுக்குக் கப்பலில் அனுப்பினார். அங்கே மார்க்கஸ் பிளாக் என்ற யூத மருத்துவர் அவற்றைப் பார்த்து வரைந்து விவரித்தார். 1793இல் ஒரு பேரினத்துக்கு ஜானின் பெயரையே வைத்தார். இந்தியாவுக்கே வராத ஒருவர் நம் கடல் மீனுக்குப் பெயர் வைக்க முடிந்தது என்றால், இங்கிருந்து அனுப்பிய பாதிரியாரும், அவருக்கு மீன் கொண்டுவந்து கொடுத்த, பெயர் தெரியாத மீனவர்களும்தான் காரணம்.

அவர் தனி ஆளும் இல்லை. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸிடம் படித்த கோனிக் 1768இல் அதே மிஷனுக்கு வைத்தியராக வந்து, அங்கே செடி சேகரிக்கும் பழக்கத்தை ஏற்படுத்தினார். மிஷனரி ராட்லர் ஒரு கையில் செடி உலர்த்தினார், இன்னொரு கையில் தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்தார். நமக்கு நெருங்கிய காலத்தில் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குரு கே.எம். மத்தேயு ராப்பினாட் ஹெர்பேரியத்தை (உலர்த்திய செடிகளின் தொகுப்பை) உருவாக்கி, தமிழ்நாட்டுத் தாவரங்களைத் தொகுதி தொகுதியாக எழுதி வைத்தார். இவர்கள் யாரும் ஊழியத்துக்கு நடுவே பொழுதுபோக்காகச் செடி பார்த்தவர்கள் அல்ல. சித்தப்பாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூடவே, எத்தனை வயதில் கத்தாளை முட்டை போடும் என்று தெரிந்தால்தான் எந்த அளவு மீனைப் பிடிக்கலாம் என்று சொல்ல முடியும், அது தெரியாமல் பிடித்தால் நாட்டுப்படகுக்காரர் வீட்டில்தான் முதலில் அடுப்பு அணையும் என்பதையும் சொல்லுங்கள். பிரயோஜனம் கேட்பவருக்கு அது போதும். அதற்கு மேலும் கேட்டால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை: காலை ஆராதனை நேரத்தை மட்டும் விட்டுத்தரச் சொல்லுங்கள், அதற்குப் பதில் சனிக்கிழமை முழுதும் இருங்கள். இதை முதல் வருடமே கேட்டிருக்க வேண்டும், இப்போதும் கேட்கலாம். உங்கள் பக்கத்துக் கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள். மீனுக்கே லீவு, காதுக்கல் திங்கட்கிழமை வரை காத்திருக்கும். பிசிஆர் பாதியில் நிற்கிறது, ஃப்ரீசர் பழுதானது என்றால் போய்ப் பாருங்கள், ஓய்வுநாளில் குழியில் விழுந்த ஆட்டைத் தூக்கிவிடலாம் என்பதற்கு ஆதாரம் சுவிசேஷத்திலேயே இருக்கிறது.

நன்றியுரையில் கர்த்தருக்கு முதல் வரி எழுதலாம். எத்தனையோ தீசிஸ் பிள்ளையாரிலும் அல்லாஹ்விலும் தொடங்குவதைப் பரிசோதகர்கள் பார்த்தவர்கள்தான், யாரும் தப்பாக எடுக்கமாட்டார்கள். அரைப் பக்கத்துக்குச் சாட்சி சொல்லாமல் ஒரு வரியோடு நிறுத்துங்கள். அப்புறம் கைடு, அப்புறம் கமிட்டி. அதற்கடுத்த வரியில், மே மாதத்தில் உங்களுக்கு மீன் கொடுத்த அந்த நாட்டுப்படகுக்காரரின் பெயரை, அவரிடம் கேட்டுக்கொண்டு, சரியான எழுத்தில் போடுங்கள்.